கொக்குவில் பழைய வீட்டுக்கு கனடா மாதிரி டக்ட் ஏசியா, அறைக்கு அறை ஸ்பிளிட்டா?

ஸ்கார்பரோ தம்பி:

வணக்கம். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் பழைய வீட்டில்தான் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. முன்பகுதி அப்பப்பா காலத்து ஓட்டு வீடு, விறாந்தை, பெரிய ஹோல், இரண்டு அறை. பின்னால் குசினியோடு சேர்த்துப் பிறகு கட்டிய கொங்கிறீற்றுப் பகுதியில் இன்னும் இரண்டு அறை. சித்திரை வைகாசியில் அம்மா படுகிற பாடு சொல்லி மாளாது. அங்கே இரவு ஒரு மணி, இங்கே ரொறன்ரோவில் பின்னேரம் மூன்றரை, அழைத்தால் விறாந்தையில் விசிறியோடு இருக்கிறார்.

இந்த முறை திருத்த வேலையோடு சேர்த்து ஏசியும் போட்டுவிடலாம் என்று முடிவு. ரொறன்ரோவில் எங்கள் வீட்டில் முழு வீட்டுக்கும் ஒரே ஏசி, சுவரில் ஒரு தெர்மோஸ்டாட், அவ்வளவுதான், எந்த அறையிலும் பெட்டி தொங்காது. அதே மாதிரிச் செய்ய முடியுமா என்று கொழும்பில் இருந்து வந்த ஒரு கொந்தராத்துக்காரரிடம் கேட்டேன், முழு வீட்டுக்கும் சீலிங் அடித்து மேலால் டக்ட், அதாவது காற்றுக்குழாய், இழுத்து 5 தொன் (குளிராக்கும் வலுவின் அளவு, எடை இல்லை) மெஷின் ஒன்று போடலாம் என்கிறார். மச்சான் ஒருவர் "விசர் வேலை பார்க்காதே, ஸ்பிளிட் போடு" என்கிறார், ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. அப்பா தனிக் கட்சி. இந்த வீட்டுக்கு ஏசியே தேவையில்லை, அந்தக் காற்றுப் பட்டால் முழங்கால் நோகும் என்று ஒரே பிடி.

காசு ஒரு பிரச்சினை என்றாலும் முதல் பிரச்சினை அது இல்லை. டக்ட் இல்லாமல் ஸ்பிளிட், அதாவது அறைச் சுவரில் ஒரு பெட்டியும் வெளியே ஒரு பெட்டியும், போட்டால் உண்மையிலேயே நன்மை இருக்கிறதா, அல்லது அங்கே எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள் என்பதற்காகப் போடுகிறார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பொலிகண்டி மெக்கானிக்:

தம்பி, மச்சான் சொன்னது சரி. காரணத்தை நான் சொல்கிறேன், இது என் தொழில் ஆனபடியால் கொஞ்சம் நீளும்.

கனடாவில் அந்த டக்ட் ஏசிக்காக வந்தது இல்லை. அங்கே பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்க நிலக்கீழ் அறையில் காஸ் உலை வைத்து, சூடான காற்றை ஒவ்வொரு அறைக்கும் அனுப்பத் தகரக் குழாய்களை வீடு கட்டும்போதே சுவருக்குள்ளும் தரைக்குக் கீழும் விட்டுவிடுகிறார்கள். குழாய் ஏற்கனவே இருக்கிறது, ஊதி இருக்கிறது, ஆகவே கோடைக்கு அந்த உலைக்கு மேல் ஒரு குளிர்ச் சுருளை வைத்து வெளியே ஒரு கொம்பிரசரை வைத்தால் முழு வீடும் குளிரும். அதுதான் உங்கள் ரொறன்ரோ வீட்டின் இரகசியம். கொக்குவிலில் எந்த உலைக்காக டக்ட் இழுக்கப் போகிறீர்கள்?

அடுத்தது, அந்த டக்ட் போகிற இடம். ஓட்டுக்குக் கீழே, சீலிங்குக்கு மேலே இருக்கிற இடைவெளிதான் முழு வீட்டிலும் மோசமான வெக்கை, மத்தியானம் அதற்குள் தலையை விட்டால் தெரியும். குளிராக்கிய காற்றை அதற்குள்ளால் நாற்பது ஐம்பது அடி கொண்டுபோனால் அறைக்கு வந்து சேரும்போது பாதிக் குணம் போய்விடும், மூட்டுகளில் கசிவது வேறு. இப்படிக் குளிரூட்டாத கூரையிடத்தால் போகிற டக்ட்களில் 30 சதவீதத்துக்கும் மேலே வீணாகலாம் என்று அமெரிக்க வலுசக்தித் திணைக்களமே சொல்கிறது, அது அவர்கள் நாட்டு வீடுகளுக்கு. இங்கே வீட்டு டக்ட் வேலை தெரிந்த கை எத்தனை இருக்கிறது?

பிறகு மரநாய். சிரிக்காதீர்கள். ஓட்டு வீட்டு முகட்டில் மரநாய், எலி, அணில் குடியிருக்காத வீடு கொக்குவிலில் எத்தனை? டக்டைச் சுற்றியிருக்கிற மெத்தை மாதிரிக் கவசத்தைப் பிய்த்துக் கூடு கட்டினால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. குளிர்ந்த டக்டில் வெக்கைக் காற்றுப் பட்டு வேர்த்து, சீலிங்கில் மஞ்சள் கறை விழும்போதுதான் தெரியும்.

ஸ்பிளிட்டில் இந்தக் கதை ஒன்றும் இல்லை. சுவரில் மூன்று அங்குல ஓட்டை ஒன்று, அதற்குள்ளால் இரண்டு செப்புக் குழாய், ஒரு வயர், ஒரு தண்ணீர்க் குழாய். குளிர் அந்த அறைக்குள்ளேயே உண்டாகி அந்த அறைக்குள்ளேயே நிற்கிறது. உடைத்தல் பூசுதல் இல்லாமல் ஓர் அறையை ஒரே நாளில் முடிக்கலாம்.

கரண்டையும் பாருங்கள். வீட்டுக்குச் சாதாரணமாகத் தருவது 30 ஆம்பியர், ஒற்றைப் பேஸ். 230 வோல்ட்டால் பெருக்கினால் 6,900 வாட், முழு வீட்டுக்கும் அவ்வளவுதான். 5 தொன் மெஷின் தனியே ஐயாயிரம் வாட்டுக்குக் கிட்ட இழுக்கும். அம்மா அந்த நேரம் தண்ணீர் மோட்டாரையும் அயனையும் போட்டால் மெயின் விழும். மூன்று பேஸுக்கு மாற்ற வேண்டி வரும், அதற்குத் தனிச் செலவு, தனி அலைச்சல்.


திருநெல்வேலி அக்கா:

மெக்கானிக் அண்ணை தொழில் சொன்னார், நான் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து பார்க்கிற கதையைச் சொல்கிறேன்.

வயது போனவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் ஹோலையும் விறாந்தையையும் குளிராக்கி யாருக்குப் பிரயோசனம்? எங்கள் வீட்டில் மாமியின் அறைக்கும் எங்கள் அறைக்கும் மட்டும் ஸ்பிளிட். மாமி இரவு ஒன்பதுக்குப் போடுவார், விடிய நாலு மணிக்கு எழும்பினால் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுவார். எங்கள் அறை பத்தரைக்குத்தான். அவருக்கு 27, எங்களுக்கு 25. ஒரே தெர்மோஸ்டாட் என்றால் இதற்கே ஒவ்வொரு நாளும் சண்டை. தம்பியின் அப்பாவுக்கு ஏசி வேண்டாம் என்றால் அவருடைய அறையில் போடாமல் விடலாமே, டக்டில் அது எப்படி?

பில் கதை. நீங்கள் கனடாவில் இருந்து கட்டினாலும் பில்லைக் கையில் எடுத்துப் பார்ப்பது அப்பாதான், பார்த்துவிட்டு ஏசியை நிறுத்திவைப்பதும் அவர்தான். இங்கே யூனிட் கூடக் கூட யூனிட்டின் விலையும் ஏறும், மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் ஆகக் கூடிய படியில் நிற்பீர்கள். 12,000 பிரியூ (BTU, அதுவும் குளிராக்கும் வலுவின் அளவுதான்) இன்வேர்ட்டர் ஏசி ஒன்று முதல் அரை மணித்தியாலம் ஆயிரம் வாட் அளவில் இழுக்கும், அறை குளிர்ந்த பிறகு கொம்பிரசர் மெதுவாகி 300, 400 வாட்டில் ஓடும். இரவு எட்டு மணித்தியாலம் என்றால் மூன்று நாலு யூனிட். மாதம் முழுக்க விடாமல் போட்டாலும் நூறு, நூற்றியிருபது. ஓர் அறைக்கு இது தாங்கும். முழு வீட்டையும் பகல் இரவாக ஓட்டினால் அப்பா வாழைக்குலை வெட்டி விற்றுத்தான் பில் கட்ட வேண்டும்.

இன்னொன்று ஒருவரும் சொல்வதில்லை. அறையைப் பூட்டிப் படுக்கிறபடியால் நுளம்பு இல்லை. டெங்குக் காலத்தில் அது பெரிய நிம்மதி, மாமி நுளம்புவலையை மடித்து வைத்துவிட்டார். சத்தமும் குறைவு, கொம்பிரசர் வெளியே இருப்பதால் உள்ளே காற்று வருகிற சத்தம் மட்டும்தான். பழைய ஜன்னல் ஏசி ஓடிய அறையில் படுத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும்.

குறையும் சொல்ல வேண்டும். வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவ வேண்டும். எங்கள் பக்கத் தூசு கொஞ்ச நஞ்சம் இல்லை, விட்டால் காற்று வராது, ஈர மணம் வேறு வரும். வயதானவர்களைக் கதிரையில் ஏற விடாதீர்கள், அதற்கு ஓர் ஆளைச் சொல்லி வையுங்கள்.


கட்டிடக்காரன்:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

டக்ட் என்றாலே கூடாது என்று இல்லை. கல்யாண மண்டபம், பெரிய கடை, ஆஸ்பத்திரி, ஹோட்டல் இவற்றுக்கெல்லாம் அதுதான் சரி. புது வீட்டை டக்டுக்கு என்றே வரைந்து, குளிரூட்டிய பகுதிக்குள்ளேயே டக்ட் ஓடும்படி கட்டினால் வீட்டுக்கும் அழகு. வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே எடுக்கவும் வழி வைக்கலாம். ஸ்பிளிட் உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, புதுக் காற்று ஒன்றும் எடுப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. பூட்டிய அறையில் நாலு பேர் படுத்தால் விடிய தலை பாரமாக இருக்கும். திருநெல்வேலி அக்காவின் மாமி நாலு மணிக்கு ஜன்னல் திறக்கிறாரே, அது சரியான வேலை.

ஆனால் நீங்கள் சொல்கிற வீட்டுக்கு டக்ட் போட்டால் நான் அழுவேன். அப்பப்பா காலத்து ஹோல் என்றால் உயரமான முகடு, சுண்ணாம்புக் கல் சுவர், ஜன்னலுக்கு மேலே காற்றுக்கண். காற்று உள்ளே வந்து மேலால் வெளியேறுவதற்கென்றே கட்டிய வீடு அது. டக்ட் மறைக்க எட்டடியில் சீலிங் அடித்தால் அந்த உயரம் போய்விடும், பிறகு ஏசி இல்லாமல் ஒரு மணித்தியாலம் இருக்க முடியாது. கரண்ட் நின்றால் என்ன செய்வீர்கள்? 2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினார்கள். அப்போது பழைய ஓட்டு வீட்டில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், கண்ணாடி அடித்த புது வீட்டுக்காரர்கள் வேப்பமரத்துக்குக் கீழே வந்து இருந்தார்கள்.

உங்கள் அப்பா பாதி சரி என்றுதான் சொல்வேன். சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, வீசத் தொடங்கினால் முன்பகுதிக்கு ஏசி தேவையில்லை, தை மாசியில் விசிறியே போதும். ஹோலை விட்டுவிடுங்கள்.

ஒரு கேள்வி: அம்மா எந்தப் பகுதியில் படுக்கிறார்? கொங்கிறீற்றுப் பகுதி என்றால் வெக்கைக்கு முதல் காரணம் அதுதான். ஓடு பகலில் கொதித்தாலும் பொழுதுபட்டதும் கெதியாக ஆறிவிடும். கொங்கிறீற்றோ பகல் முழுக்க வெயிலைக் குடித்து, இரவு பன்னிரண்டு வரைக்கும் படுத்திருப்பவர் மேலே அதைக் கக்கிக்கொண்டிருக்கும்.


ஸ்கார்பரோ தம்பி:

நன்றி. உலைக் கதை இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்குத் தெரியாது, நிலக்கீழ் அறைக்குப் போய்ப் பார்த்தேன், சரிதான்.

கட்டிடக்காரன் கேட்டதற்கு: இரண்டு பேரும் பின்னால் கொங்கிறீற்று அறைகளில்தான், குளியலறை பக்கத்தில் என்பதால். அம்மாவின் அறை 12 அடிக்கு 12 அடி, மேற்குச் சுவரில் ஜன்னல். அப்பாவின் அறை அதற்குப் பக்கத்தில். டக்ட் யோசனையை விட்டாயிற்று. இப்போது கொந்தராத்துக்காரர் அதே மூச்சில் வேறு கதை சொல்கிறார், வெளியே ஒரு பெரிய பெட்டி, உள்ளே நாலு அறைக்கு நாலு பெட்டி, மல்டி ஸ்பிளிட் என்று. அம்மாவின் அறைக்கு 24,000 பிரியூ போட்டால் கெதியாகக் குளிரும் என்றும் சொன்னார். சரிதானா?


பௌதிகம் வாத்தியார்:

24,000 என்றால் 2 தொன். 144 சதுர அடி அறைக்கு அது தவறு, கெதியாகக் குளிரும் என்பதுதான் அதன் கெடுதலே.

ஏசிக்கு வேலை இரண்டு. ஒன்று காற்றின் வெப்பத்தைக் குறைப்பது, மற்றது காற்றில் இருக்கிற ஈரத்தை எடுப்பது. சொல்லப்போனால் இரண்டாவது வேலைக்காகத்தான் இந்த இயந்திரமே பிறந்தது. 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கு வடிவமைத்தார், ஈரக் காற்றில் காகிதம் விரிந்து சுருங்கி நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை என்பதுதான் அங்கே பிரச்சினை. யாழ்ப்பாணத்தில் கடலும் கடல்நீரேரியும் சுற்றியிருக்க, நம்மை வாட்டுவது 33, 34 பாகையைவிட அந்தப் புழுக்கம்தான், வேர்வை காய்வதில்லை.

ஈரத்தை எடுக்க, குளிர்ச் சுருளின் மேலால் காற்று நீண்ட நேரம் ஓட வேண்டும். பெரிய மெஷின் சின்ன அறையை மளமளவென்று குளிராக்கிவிட்டு நின்றுவிடும், பிறகு தொடங்கும், பிறகு நிற்கும். அறை குளிராக இருக்கும், ஆனால் பாயும் தலையணையும் ஈரப்பதமாக இருக்கும். அப்பா பயப்படுகிற முழங்கால் நோவுக்கு அந்த ஈரக் குளிர்தான் ஆகாது என்று என் சொந்த அபிப்பிராயம், வைத்தியர் சொன்னதாக எடுக்க வேண்டாம். அளவான இன்வேர்ட்டர் மெதுவாக, விடாமல் ஓடும், ஈரமும் குறையும். அந்த அறைக்கு நிழல் இருந்தால் 9,000 போதும். மேற்கு வெயிலும் கொங்கிறீற்றுக் கூரையும் என்பதால் 12,000. அதற்கு மேலே ஒரு படி வேண்டாம்.

பாகையைப் பற்றியும் ஒரு சொல். 18இல் வைத்தால் கெதியாகக் குளிரும் என்பது சரியில்லை, அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான். இந்தியாவில் 2020 தை தொடக்கம் அறை ஏசிகள் போட்டவுடன் 24இல் தொடங்க வேண்டும் என்று விதி வைத்தார்கள், ஒரு பாகை கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. 26இல் வைத்து விசிறியையும் மெல்லச் சுழல விட்டால் அம்மாவுக்குத் தாராளம்.


பொலிகண்டி மெக்கானிக்:

வாத்தியார் சொன்ன அளவு சரி. மல்டி வேண்டாம் தம்பி. வெளிப்பெட்டி வைக்க இடமே இல்லாத கொழும்புத் தொடர்மாடிக்கு அது நல்லது, உங்களுக்கு வளவு இருக்கிறது. மல்டியில் வெளிப்பெட்டியின் எலெக்ட்ரோனிக் போர்ட் எரிந்தால் நாலு அறையும் சேர்ந்து சாகும், அந்த போர்ட் கொழும்பில் இருந்து வருகிற வரைக்கும் அம்மா திரும்பவும் விறாந்தையில்தான். தனித்தனி என்றால் ஒன்று பழுதானால் மற்றது ஓடும், ஒன்றைப் போட்டுப் பார்த்துப் பிடித்தால் மற்றதைப் பிறகு போடலாம்.

இனி, நீங்கள் அங்கே இருந்து கொண்டு பொருத்துகிறவரிடம் கேட்க வேண்டியவை. மெஷின் நல்லதாக இருந்தும் பொருத்துகிற வேலையில்தான் பாதி ஏசி கெட்டுப்போகிறது.

செப்புக் குழாயைப் பூட்டிய பிறகு வக்கூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். சிலர் அவசரத்துக்கு மெஷினைக் குளிராக்குகிற காஸைக் கொஞ்சம் விட்டு ஊதிவிட்டு முடித்தோம் என்பார்கள், விடாதீர்கள், ஒருவரை நின்று படம் எடுக்கச் சொல்லுங்கள். R32 காஸ் உள்ளதாக எடுங்கள், இப்போது கடைகளில் பெரும்பாலும் அதுதான். பூமியைச் சூடாக்குகிற தன்மை, காபனீரொட்சைட்டுக்கு 1 என்று வைத்தால், R32க்கு 675, பழைய R410Aக்கு 2,088. கொஞ்சம் பற்றக்கூடியது என்பதால் தெரிந்த கை வேண்டும். யாராவது R22 ஓடுகிற பழைய மெஷினை மலிவாகத் தருகிறேன் என்றால் ஓடிவிடுங்கள், ஓசோன் படையைக் காக்கிற மொன்றியல் உடன்படிக்கையின்படி எங்களைப் போன்ற நாடுகளில் அந்த வகைக் காஸ் 2030உடன் ஏறக்குறைய முற்றாக நிற்க வேண்டும். அப்புறம், வருடத்துக்கு ஒரு தடவை காஸ் அடிக்க வேண்டும் என்று ஒருவர் வந்தால் காசு கொடுக்காதீர்கள். காஸ் தேய்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது, முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வெளிப்பெட்டியை மேற்குச் சுவரில் வைக்க விடாதீர்கள், பின்னேர வெயிலில் அது சூட்டை வெளியே விட முடியாமல் மூச்சு வாங்கும். வடக்குப் பக்கம் இருந்தால் நல்லது, சுவரில் இருந்து இடைவெளி விட்டு, பீலித் தண்ணீர் விழாத இடமாக. கொக்குவில் என்றபடியால் உப்புக்காற்றுக் கொஞ்சம் குறைவு. எங்கள் பொலிகண்டியில் கடற்கரையோரம் சாதாரணத் தகரம் சில வருடத்தில் பொரிந்து கொட்டும், வெளிப்பெட்டிச் செதிலுக்கு, அந்த மெல்லிய தகடுகளுக்கு, பூச்சு அடித்தது எடுக்கச் சொல்வேன். உங்களுக்கும் அது இருந்தால் நட்டம் இல்லை, இடைக்கிடை நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவிவிட்டால் போதும். ஐப்பசி இடிக்கு பாதுகாப்புச் சாதனம் ஒன்றும், ஏசிக்கு மெயின் போர்ட்டில் இருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் கட்டாயம், எர்த்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பழைய பிளக்கில் செருகி ஓட்ட வேண்டாம்.

தண்ணீர்க் குழாய் வெளிப்பக்கம் சரிந்து போக வேண்டும், புழுக்கமான இரவில் வாளி நிறையத் தண்ணீர் வரும், வாழைக்கு விடுங்கள்.


கட்டிடக்காரன்:

அண்ணை சொன்னதோடு இரண்டு விஷயம். கொங்கிறீற்று அறையிலும் கதவுக்கு மேலே காற்றுக்கண் இருந்தால் கண்ணாடி போட்டுத் திறந்து மூடுகிற மாதிரிச் செய்யுங்கள். சாந்து பூசி நிரந்தரமாக அடைக்க வேண்டாம், ஏசி போடாத மாதங்களில் அது வேண்டும். கூரைக்கு மேலே வெயிலைத் திருப்புகிற வெள்ளைப் பூச்சு அடியுங்கள், முடிந்தால் மேலே ஒரு நிழல் கூரை. மேற்கு ஜன்னலுக்கு வெளியால் மறைப்பு, உள்ளே திரை போட்டுப் பெரிதாக ஒன்றும் ஆகாது, சூடு கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு மறைத்து என்ன பயன். இவ்வளவும் செய்தால் 12,000க்குப் பதிலாக 9,000 எடுக்கலாமா என்று வாத்தியாரைக் கேளுங்கள்.


ஸ்கார்பரோ தம்பி:

சரி, அம்மாவின் அறைக்கு 12,000 இன்வேர்ட்டர் ஒன்று, கூரைப் பூச்சு முதலில். ஹோலைத் தொடவில்லை. கொந்தராத்துக்காரரிடம் சொல்லிவிட்டேன், கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கினார். கடைசியாக ஒன்று: அப்பாவின் அறைக்கு இப்போது என்ன செய்வது? சுவர் பூசப் போகிறார்கள், பிறகு உடைக்க மனம் இல்லை.


திருநெல்வேலி அக்கா:

விசிறி நல்லதாக ஒன்று போடுங்கள். பூசுவதற்கு முன்பு அந்த அறைக்கும் தனி வயரும் தண்ணீர்க் குழாயும் சுவருக்குள்ளே விட்டு, வாயை மூடி வைக்கச் சொல்லுங்கள், செலவு பெரிதாக வராது. அப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அடுத்த சித்திரையில் அவர் அம்மாவின் அறையில் கதிரை போட்டுப் பேப்பர் வாசிக்கத் தொடங்கினால் இரண்டாவதற்கு ஓடர் கொடுங்கள்.